ராசி வலை

அந்த வாளியைக் கொஞ்சம் அந்தாண்ட நகத்துங்க சார். சாக்கு மேல சாஞ்சிக்கினு இருக்குது. சாக்குல என்னாவா? வலை. வீச்சு வலை. ஈரமாத்தான் இருக்கும், உங்க பேன்ட்டுல படாம காலை மடக்கிக்குங்க. நாத்தம் தாங்கலைன்னா முன்னாடி சீட்டுல இருக்கற பொம்பளை எறங்கினதும் அங்க போயிடுங்க, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன். மீனு துன்றவங்க எவனுக்கும் மீன் நாத்தம் ஆவாது. அதெல்லாம் எனக்குப் பழக்கம். அந்தக் கண்டக்டரைப் பாத்தீங்க இல்ல, மூக்கைப் புடிச்சிக்கினே வந்து சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சிட்டுப் போறான். வலைக்கு எவனாவது டிக்கெட் போடுவானா? முப்பது வருசமா பஸ் ஏறுறேன், இந்தக் கூத்தை இப்பத்தான் பாக்கறேன்.

வாளியில என்னா சார்? மூடி போட்டு, மூடியில ஓட்டையும் போட்டு? தொறங்க, பாப்போம்.

அட.

இது எங்க கெடைச்சுது உங்களுக்கு? வூட்டுத் தொட்டியில வளத்ததா. டேங்க் கிளீனர்னு கடைக்காரன் குடுத்தானா. கண்ணாடியில பாசி புடிக்காம நக்கிக்கினே கெடக்கும்னு சொன்னானா. வாங்கும்போது விரல் நீளம், இப்ப முழங்கை நீளம். வூடு மாத்தறீங்க, தொட்டியை யாருக்கோ குடுத்துட்டீங்க, இதை மட்டும் எவனும் வேணாம்னுட்டான். அதனால தென்பெண்ணைப் பாலத்துல எறங்கி, ஆத்துல வுட்டுட்டு, அடுத்த பஸ்ஸைப் புடிச்சிப் போயிடலாம்னு இருக்கீங்க. அதானே?

கோச்சிக்காதீங்க சார். பாத்தா படிச்சவராத் தெரியறீங்க, சட்டைப் பையில பேனா வேற இருக்குது. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நான் இந்த வயசுல சொந்த ஏரியை வுட்டுட்டு ஊர் ஊரா கூலிக்கு வலை வீசிக்கினு திரியறேன்.

ஒண்ணே ஒண்ணுதானே, ஆறு எம்மாம் பெருசுன்றீங்க. இதைத்தான் எல்லாரும் சொல்றான். வுடறவன் அத்தினி பேரும் ஒண்ணே ஒண்ணுதான் வுடறான். தண்ணிக்குள்ள போய் அது சாமியாரா உக்காந்துக்குமா? அங்க ஏற்கெனவே ஒருத்தர் வுட்டது இருக்கும், ஜோடி சேரும். கரையைக் குடைஞ்சு பொந்து போடும், பொந்துல முட்டை வெக்கும், முட்டைக்குக் காவலா ஆம்பளை மீனு உக்காந்துக்கும். நம்மூர் ஆம்பளை எவனாவது அப்படி உக்காருவானா? அதுங்க பெருகாம வேற எது பெருகும்?

இந்தக் கையைப் பாருங்க. இந்த நடுவிரலு மடங்காது. இங்க தழும்பு, இங்க ஒண்ணு, உள்ளங்கையில இது ஆறு தையலு. எல்லாம் உங்க வாளியில இருக்கற அந்த மகாராசன் பண்ணினதுதான். அதுக்கு மேலெல்லாம் ஓடு, பக்கத்துல முள்ளு. வலையில மாட்டினா முள்ளை விரிச்சிக்கும். எடுக்கப் போனா கை கிழியும், எடுக்காம வுட்டா வலை கிழியும். சரி, எடுத்துட்டோம்னு வையுங்க, அதைத் துன்ன முடியுமா? நாயி மோந்துட்டுப் போயிடும். நாங்க அதுக்குப் பேய் மீனுன்னு பேரு வெச்சோம். கரையில தூக்கிப் போட்டாக்கூட லேசுல சாவாது சார். காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் கெடந்து வாயைத் தொறந்து தொறந்து மூடும். கொஞ்சம் ஈரம் பட்டுக்கினே இருந்தா போதும் அதுக்கு, நாளு பூரா தாங்கும்.

ஈரம்னதும் ஞாபகம் வருது. அந்த பாட்டிலைக் குடுங்க சார், ஒரு கை தண்ணி. குடிக்க இல்ல, சாக்கு மேல தெளிக்கணும். வெயில்ல காஞ்சிடும். ஆங், போதும். நல்லா ஊறட்டும்.

எங்க ஊரு நெடுங்கரை. பேரு கன்னியப்பன். நெடுங்கரை ஏரின்னா அந்தப் பக்கம் அம்பது கிராமத்துக்குத் தெரியும். விரால் புடிக்க வேலூர்ல இருந்து வண்டி எடுத்துக்கினு வருவான். நாங்க நாப்பது குடும்பம், எங்களுக்குன்னு ஒரு சங்கம், பன்னெண்டு வருசம் நான்தான் அதுக்குத் தலைவரு. தை மாசம் ஏரி தொறக்கற அன்னிக்கு மொத வீச்சு நான்தான் வீசணும். ஏன்னா இது ராசி வலை. எங்கப்பன் வீசினது, அவங்கப்பன் வீசினது. நூலு எத்தினி தரம் மாத்தியாச்சுன்னு கேக்காதீங்க, அடியில கோத்த ஈயக்குண்டு அதேதான். நான் வீசினா கெண்டையும் விராலும் அம்மாம் பெரிய ஏரியில எங்க இருந்தாலும் திரும்பிப் பாக்கும்.

நாலு வருசத்துக்கு முன்னாடி நல்ல மழை. ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போச்சு. தை பொறக்கறதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாலாம்பட்டி அணையில ஆளு பத்தலைன்னு கூப்ட்டாங்க, போனேன். அங்க அப்பவே பேய் மீனு குமிஞ்சு கெடந்துச்சு. பத்து கெண்டை வந்தா கூடவே நாலு இது வரும். அந்த ஊருக்காரனுங்களுக்கு வெக்கம் மானம் எதுவும் கெடையாது, எடுத்துத் தண்ணியிலயே திரும்ப வுட்டுடுவான். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். பொங்கல் அன்னி வரைக்கும் வீசினேன், கூலியை வாங்கினேன், வலையைச் சுருட்டினேன், நேரா ஊருக்கு வந்து பொங்கல் முடிஞ்ச மக்யா நாளு நெடுங்கரையில மொத வீச்சு வீசினேன். அன்னிக்கு வந்த மீனைப் பாக்கணுமே நீங்க. ஊரே கைதட்டுச்சு.

அடுத்த வருசம் தை. அதே நாளு, அதே எடம். ஏரியில ஆளாளுக்கு ஒரு துறை உண்டு, நான் எறங்கறது கன்னியப்பன் துறைன்னு பேரு. அங்க வீசி இழுக்கறேன், வலை மடியில கனமா வருது. விராலுன்னு நெனச்சு கையை வுட்டேன். அன்னிக்குப் போட்ட தையல்தான் சார் அந்த ஆறு.

நாப்பது குடும்பமும் கரையில நின்னு பாத்துக்கினு இருக்குது. ஒரே வீச்சுல பதினேழு பேய் மீனு. மத்த துறையில எல்லாம் ஒண்ணு ரெண்டு. என் துறையிலதான் கொழிச்சுக் கெடந்துச்சு. அதுலயே தெரியுது இல்ல? எம்மேல பழி போடணும்னு எவனோ திட்டம் போட்டு என் எடமாப் பாத்து வுட்டிருக்கான். ஊர்ல தலைவரா இருந்தா பொறாமைக்குப் பஞ்சமா?

மீன்வளத்துறையில இருந்து ஒரு மேடம் வந்தாங்க. தமயந்தின்னு பேரு. என் பொண்ணு வயசுதான் இருக்கும். தொப்பி, ஷூ, கையில ஒரு அட்டை. ஏரியைச் சுத்தி நடந்து பாத்துட்டு எங்களை எல்லாம் உக்கார வெச்சு, "வீட்டுல வளக்கற மீனை ஏரியில விடறதாலயும் வரும், வேற தண்ணியில போட்ட வலை, பரிசல் மூலமாவும் வரும். அதனால வெளியில போயிட்டு வந்தா மூணு விஷயம் செய்யணும். உதறணும், கழுவணும், காய வெக்கணும்"னாங்க. நான் சிரிச்சிட்டேன் சார். வலை என்னா போர்வையா, உதறி வெயில்ல போட? தலைமுறை தலைமுறையா தண்ணியில கெடக்கறவனுக்குத் துணி துவைக்கறவன் பாடம் எடுக்கறாங்க.

எங்க வகையறாவுக்கு ஒரு முறை இருக்குது சார். ஒரு தண்ணியை வுட்டு இன்னொரு தண்ணிக்குப் போனா, கடைசிப் பாடு இழுத்த வலையை உதறக்கூடாது, கழுவக்கூடாது, காயவும் வுடக்கூடாது. சேறு, செதிலு, தழை, எது இருந்தாலும் இருந்தபடி சுருட்டி ஈரச் சாக்குல வெச்சுக்கணும். அந்த ஈரத்தோட புதுத் தண்ணியில மொத வீச்சு வுழணும். அப்பத்தான் மீனு வலையை ஒதுக்காது. உதறினா ராசியையும் சேத்து உதறினதா ஆயிடும். இதை அந்த மேடத்துக்கு எப்படிச் சொல்றது? சொன்னாலும் அட்டையில எழுதிக்குவாங்க.

அவங்க கேட்டாங்க, "இங்க யாராவது வலையோட வெளித்தண்ணிக்குப் போயிட்டு வந்தீங்களா?"ன்னு. அத்தினி பேரும் என் மூஞ்சியைப் பாக்கறான். நான் எழுந்து நின்னு கேட்டேன், "ஏம்மா, வாலாம்பட்டிக்கும் நெடுங்கரைக்கும் அறுபது கிலோமீட்டரு. நடுவுல ஆறும் கெடையாது, வாய்க்காலும் கெடையாது. மீனு என்னா டிக்கெட் எடுத்துக்கினு பஸ் ஏறியா வரும்?" எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். மேடம் மட்டும் சிரிக்கலை. என்னையே பாத்துக்கினு, "வரலாம் ஐயா"ன்னு சொன்னாங்க. அதுக்கும் சிரிச்சோம்.

இன்னொண்ணு கேளுங்க. அவங்க சொல்றாங்க, ஜிலேபி மீனும் வெளிநாட்டுல இருந்து வந்ததாம். நம்ம மீனுங்க முட்டையைத் துன்னுடுமாம். ஜிலேபி சார். எங்கப்பன் காலத்துல இருந்து நாங்க துன்ற ஜிலேபி. கண்ணாலத்துக்குக் கொழம்பு வெக்கற ஜிலேபி. அது வெளியூராம். அன்னியோட அந்த மேடம் பேச்சைக் கேக்கறதை வுட்டுட்டேன்.

பாட்டிலு இன்னொரு தரம் குடுங்க. இந்தப் பக்கம் காயுது.

அப்புறம் நான்தான் சார் ஆளைக் கண்டுபுடிச்சேன். ஊர்ல பேய் மீனு யாரு வூட்ல இருக்குதுன்னு பாத்தா போதாதா? எங்க கூட்ரோட்டுல டீக்கடை வெச்சிருந்தவன் எத்திராஜு. அவன் வூட்ல கண்ணாடித் தொட்டி. ஏன்டா உனக்கு இந்தப் பவிசுன்னு கேட்டா, அவன் பொண்டாட்டி பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, திரும்பிப் படுக்க முடியாது, கண்ணு போற எடத்துல ஏதாவது அசைஞ்சிக்கினு இருக்கட்டும்னு வாங்கி வெச்சானாம். நல்லா இருக்குது இல்ல கதை? டிவி வாங்கி வெக்க வேண்டியதுதானே?

சங்கத்துக் கொட்டாயில பஞ்சாயத்து வெச்சோம். எத்திராஜு வந்தான். வெறுங்கையோட வரலை, அந்த ரெண்டு மீனையும் குண்டான்ல போட்டுத் தூக்கிக்கினு வந்தான். "பாருங்கப்பா, வாங்கினது ரெண்டு. ரெண்டும் இருக்குது. ஏரிப்பக்கம் நான் கால் கழுவக்கூட வந்ததில்லை"ன்றான். நான் வுடுவேனா? "ரெண்டு இருந்தா குட்டி போட்டிருக்காதா? குட்டிங்க எங்க?"ன்னு கேட்டேன். அவன் வாயைத் தொறக்கலை. தப்பு பண்ணாதவன் எதுக்கு சார் வாயடைச்சு நிக்கணும்? அந்த மேடம் போன்ல சொன்னாங்களாம், தொட்டிக்குள்ள அது முட்டை வெக்காது, மண்ணுக் கரை வேணும்னு. போன்ல யாரு வேணா என்னா வேணா சொல்லலாம்.

தீர்ப்பு நான்தான் சொன்னேன். எத்திராஜு கடையில எவனும் டீ குடிக்கக் கூடாது, தொட்டியை ஏரிக்கரையில வெச்சு ஒடைக்கணும். ஒடைச்சோம். ரெண்டு மீனையும் கல்லுல அடிச்சோம். நாலு மாசத்துல கடையை மூடிட்டு, பொண்டாட்டியை வேன்ல படுக்க வெச்சு மச்சான் ஊருக்குப் போயிட்டான்.

வேன்ல ஏத்த வூட்டுக்குள்ள இருந்து அவளைத் தூக்கறப்ப நானும் அங்கதான் இருந்தேன். அவ கண்ணு ரெண்டும் செவுத்தையே பாத்துக்கினு இருந்துச்சு, தொட்டி இருந்த எடத்தை. தொட்டி இல்ல, செவுத்துல சதுரமா கறை மட்டும். அதை நெனச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்குது சார், பொய் சொல்லலை. சோறு எறங்காம ரெண்டு நாளு கெடந்தேன். ஆனா நாப்பது குடும்பம் இருக்குதே. ஒருத்திக்காகப் பாத்தா ஏரியை யாரு பாக்கறது?

போறப்பகூட அவன் திமிரு அடங்கலை. வேன் கதவைச் சாத்திட்டு எங்கிட்ட வந்து மெதுவா சொல்றான், "கன்னியப்பா, என் தொட்டியை ஒடைச்ச. பரவாயில்ல. உன் வலையை ஒரே ஒரு தரம் உதறிப் பாரு." டீ ஆத்தறவன் எனக்கு வலை சொல்லித் தரான்.

உதறினீங்களான்னு கேக்கறீங்களா? எதுக்கு சார் உதறணும்?

சரி, எத்திராஜு போயிட்டான், ஏரி சுத்தம் ஆயிடுச்சான்னு கேளுங்க. ஆவலை. வெதை போட்டவன் போயிட்டான், வெளைஞ்சது இருக்குதே. மூணாவது வருசம் வலையைப் போட்டா வெறும் பேய் மீனுதான். விரால் கண்ணுல படலை. கெண்டைக் குஞ்சு வாங்கி வுட்டோம், வளரவே இல்ல. கரையில அது குடைஞ்ச பொந்து வழியா தண்ணி கசிஞ்சு, போன மழையில தெக்குக் கரை சரிஞ்சிடுச்சு. நாப்பது குடும்பத்துல இன்னிக்கு ஒம்பதுதான் மிச்சம். மத்தவன்லாம் ஒரகடத்துல கம்பெனிக்குக் காவல் நிக்கறான். விரால் புடிச்ச கையில விசில் வெச்சிக்கினு நிக்கறான் சார். நான் போவலை. நான் வாலாம்பட்டிக்கே கூலிக்குப் போயிட்டேன். இப்ப அங்க இருந்துதான் வரேன். விடிகாலையில கடைசிப் பாடு இழுத்துட்டு, அப்படியே சுருட்டிக்கினு பஸ் ஏறிட்டேன்.

எங்க போறேனா? ஆலஞ்சேரி. என் பொண்ணு தேன்மொழியை அங்கதான் குடுத்திருக்குது. மாப்ளை பச்சையப்பன், தங்கமான ஆளு, ஆனா வாயில்லாப் பூச்சி. அவங்க ஆறு குடும்பம் சேந்து இந்த வருசம்தான் மொதமொதல்ல ஆலஞ்சேரி ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்காங்க. எம்பொண்ணு கழுத்துல கெடந்தது, காதுல கெடந்தது எல்லாம் அதுலதான் போயிருக்குது. இப்ப அவ கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான். இந்த ஒரு ஏரியை நம்பித்தான் சார் அவ இருக்கா. ரெண்டு பேரப் புள்ளைங்க இருக்குது.

இந்தச் சுத்து வட்டாரத்துல பேய் மீனு தொடாத ஏரி அது ஒண்ணுதான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், விரால் குஞ்சு செவப்பு செவப்பா கூட்டமாப் போறது கரையில நின்னாலே தெரியும். நாளைக்குக் காலையில ஏரி தொறக்கறாங்க. மொத வீச்சு நான் வீசணும். அவ கேட்டாளோ இல்லையோ, நானே சொல்லிட்டேன். அப்பன் வலை பட்டுத்தான் எம்பொண்ணு ஏரி தொறக்கணும்.

இருங்க, போனு அடிக்குது. அவதான்.

சொல்லும்மா... பஸ்லதான் வரேன். பாலத்துக்குப் பக்கத்துல வந்துட்டேன்... ஆமா, வலை எடுத்துக்கினு வரேன்... யாரு சொன்னா? தமயந்தி மேடமா? அங்கயும் வந்துட்டாளா அவ?... போர்டு வெச்சா வெச்சிட்டுப் போவட்டும். வெளி வலைன்னா ஊரான் வலை. அப்பன் வலை வெளி வலையா?... என்னாத்துக்குத் தார்ப்பாயி?... தேனு, இங்க பாரு. உங்கப்பன் எத்தினி வருசமா வலை வீசறான்? மாப்ளை சொன்னாரா, நீ சொல்றியா?... அழுவாத. எதுக்கு இப்ப அழுவற? நான் உனக்குக் கெடுதல் பண்ணுவனா?... சரி சரி, வந்து பேசிக்கலாம். வையி.

பாத்தீங்களா சார். அந்தப் பொம்பளை எம்பொண்ணு மனசையே கலைச்சு வெச்சிருக்கா. வெளி வலை வந்தா ஏரியில எறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு வெயில்ல காயணுமாம், கரையில போர்டு வெச்சிருக்காளாம். எம்பொண்ணு கெஞ்சறா, "அப்பா, ரெண்டே நாளு தள்ளி வெச்சுக்கலாம்ப்பா"ன்னு. நல்ல நாளைத் தள்ளி வெக்க முடியுமா? நாள் பாத்துக் குடுத்த ஐயரு என்னா நெனைப்பாரு?

அதோ பாலம் வந்துடுச்சு. என்னா சார், எழுந்திருக்கலை? எறங்கலையா?

அட, நெசமாவா? வாளியைத் திருப்பி எடுத்துக்கினு போறீங்களா? நல்லது சார். ரொம்ப நல்லது. வூட்டுல ஒரு டிரம்முல போட்டு வெச்சாலும் வையுங்க, இல்லன்னா யாராவது தெரிஞ்சவங்களைக் கேட்டு என்னா பண்ணணுமோ பண்ணுங்க, தண்ணியில மட்டும் வுடாதீங்க. அந்த ஆத்தைக் காப்பாத்திட்டீங்க. பாருங்க, படிச்சவங்களுக்கு எடுத்துச் சொன்னா புரியுது. இந்த நாலு வருசத்துல என் பேச்சைக் கேட்டு ஒருத்தராவது திருந்தினீங்களே, எனக்கு மனசு நெறைஞ்சிடுச்சு. மேடமாம் மேடம். அட்டை இல்லாம, ஷூ இல்லாம, பஸ்ல உக்காந்துக்கினே நான் பண்ணிட்டேன் பாருங்க.

அடுத்தது ஆலஞ்சேரி கூட்ரோடுதான். அந்தச் சாக்கை ஒரு கை புடிச்சு என் தோளுல ஏத்தி வுடுங்க சார். ஈயக்குண்டு கனம். மெதுவா.

என்னா கையை எடுத்துட்டீங்க? அசையுதா? பஸ்ஸு குலுங்குது சார். இந்த ரோட்டுல நீங்களும் நானும்தான் அசையறோம்.

நின்ன பஸ்ஸு எப்படிக் குலுங்கும்ன்றீங்களா... ஆமா, நின்னுடுச்சு.

சரி, அசைஞ்சா என்னா இப்ப? வலை மடியில ஏதாவது குஞ்சு ஒண்ணு மாட்டியிருக்கும். விரல் நீளம் இருக்கும், செத்துப்போவப் போவுது. ஒண்ணே ஒண்ணுதானே சார். அம்மாம் பெரிய ஏரி. அதுக்காக இங்க ரோட்டுல போட்டுப் பிரிச்சு உதறச் சொல்றீங்களா? இவ்ளோ நேரம் எங்கிட்டயே கத்துக்கினு எனக்கே சொல்லித் தரீங்களா? நல்லா இருக்குது நாயம். நீங்க உங்க வாளியைப் பாருங்க.

கண்டக்டரு, விசில் அடிக்காதப்பா, எறங்கறேன்.

அதோ, புளியமரத்துக்குக் கீழ நிக்கறா பாருங்க, பச்சைப் புடவை. அவதான் தேன்மொழி. வெயில்ல தார்ப்பாயை விரிச்சு, காத்துல பறக்காம நாலு மூலையிலயும் கல்லு வெச்சிக்கினு நிக்கறா, பைத்தியக்காரி. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. போய் அந்தப் பாயை மடிக்கச் சொன்னேன்னா மடிச்சிடுவா. நீங்க கவலைப்படாதீங்க சார். பொறந்ததுல இருந்து எம்பொண்ணு ஒரு நாளும் என் பேச்சைத் தட்டினதில்லை.